மைக்கைத் திறந்தால் பாட்டு ஏன் நசுங்குகிறது? அண்ணாச்சி பதில்கள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். போட்டவர்கள் எல்லாரும் அடுத்துப் போய் முட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான் போல: புளூடூத் ஹெட்செட். கடிதங்களைப் படித்தால் பாளையங்கோட்டையில் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விகள்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. கட்டளை வரும் இடங்களில் ஒலியை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப்பில் புது ஹெட்செட்டை இணைத்தேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. மாலையில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிரவுசரில் மைக்கைத் திறந்த அடுத்த நொடியே எல்லாச் சத்தமும் பழைய லேண்ட்லைன் போனில் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. கோளாறு ஹெட்செட்டிலா, லினக்ஸிலா? கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.
*(பள்ளி ஆசிரியை, தேனி)*

பதில்: டீச்சர், கடைக்காரரோடு சண்டை வேண்டாம். ஹெட்செட்டும் நன்றாக இருக்கிறது, லினக்ஸும் நன்றாக இருக்கிறது. இது புளூடூத்தின் பிறவிக் குணம்.

புளூடூத்தில் சத்தம் போவதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. புரொஃபைல் என்று சொல்வார்கள். முதலாவது ஏ2டிபி. கம்ப்யூட்டரிலிருந்து காதுக்கு மட்டும் சத்தம் போகும், மைக் கிடையாது. இரண்டு காதுக்கும் தனித்தனியாக, நல்ல தரத்தில் வரும். சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எல்லா ஹெட்செட்டிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி கோடெக்கே நல்ல அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும். இரண்டாவது எச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. காரில் போன் பேசுவதற்காக வந்த ஏற்பாடு. இதில் சத்தம் போகவும் வேண்டும், உங்கள் குரல் திரும்பி வரவும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 கிலோபிட்தான், அதுவும் மோனோ. தெரு ஒன்றுதான்: ஒருவழிப் பாதையாக விட்டால் பஸ் போகும், இருபக்கமும் விட்டால் சைக்கிளுக்குத்தான் இடம்.

நீங்கள் லேண்ட்லைன் என்று எழுதியிருந்தீர்களே, அது கணக்குப்படியே சரி. ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் பழைய கோடெக்கான சிவிஎஸ்டி, குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகங்களிலும் அதே 8,000தான். உங்கள் செல்போனிலும் அழைப்பு வந்தால் இதே மாற்றம் நடக்கிறது. அங்கே பாட்டு நின்றுவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஹெட்செட்டில் கேளுங்கள், லேப்டாப்பின் மைக்கில் பேசுங்கள். மின்டில் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, அவுட்புட் பக்கத்தில் ஹெட்செட்டையும், இன்புட் பக்கத்தில் லேப்டாப்பின் உள் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். அவுட்புட் புரொஃபைல் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ‘ஹை ஃபிடிலிட்டி பிளேபேக்’ என்பது இருக்கட்டும். ‘ஹெட்செட் ஹெட் யூனிட்’ என்று மாறியிருந்தால் திருப்பிப் போடுங்கள். இதோடு முடியவில்லை. வகுப்பு நடத்தும் பக்கத்துக்குள்ளேயும் மைக் தேர்வு தனியாக இருக்கும். அங்கே ஹெட்செட் மைக் தேர்வாகியிருந்தால் புதிய லினக்ஸ்களில் புரொஃபைல் தானாகவே ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு மாறிவிடும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வயர்பிளம்பர் என்ற நிரல் செய்கிற வேலை அது.

லேப்டாப் மைக்கில் விசிறிச் சத்தமும் கீபோர்டுச் சத்தமும் சேர்ந்து வருகிறது, ஹெட்செட் மைக்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. அதே புரொஃபைல் பட்டியலில் எம்எஸ்பிசி என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது 8,000க்குப் பதில் 16,000 முறை அளக்கும். பேச்சு தெளிவாக இருக்கும், பாட்டுக்கு ஆகாது. எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சங்கீதம் இல்லையென்றால் போதும். எம்எஸ்பிசி வரவேண்டுமானால், லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் நிரல்களான பல்ஸ் ஆடியோ 15 அல்லது பைப்வயர் இருக்கவேண்டும். மின்ட் 21, 22 இரண்டிலும் வரும். மின்ட் 20 வைத்திருந்தால் வராது. அதற்கான ஆதரவே 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது, இதைச் சாக்காக வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட்செட் ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது, சத்தம் மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரில் வருகிறது. இரவில் படம் பார்க்க முடியவில்லை, வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள்.
*(கல்லூரி மாணவர், கரூர்)*

பதில்: தம்பி, முதலில் பார்க்கவேண்டியது அவுட்புட் பட்டியல். ஹெட்செட் அங்கே இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், பதில் முடிந்தது. பட்டியலிலேயே இல்லையென்றால்தான் மேலே படிக்கவேண்டும்.

லினக்ஸில் புளூடூத் சத்தத்துக்கு இரண்டு தரப்பு வேலை செய்கிறது. ஹெட்செட்டோடு பேச்சுவார்த்தை நடத்துவது புளூஸி. சத்தத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பது பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர். நடுவில் இரண்டையும் கோக்கும் ஒரு சின்னத் தொகுப்பு உண்டு. அது இல்லாவிட்டால் இப்படித்தான்: இணைந்ததுபோல இருக்கும், சத்தத்துக்கு ஆள் இருக்காது. சில நேரம் இணைந்த வேகத்திலேயே கழன்றும் போகும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைக் குறைந்த பொதிகளோடு (தொகுப்புகளோடு) நிறுவியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான். பைப்வயர் ஓடும் கணினியில் லிப்-ஸ்பா-0.2-புளூடூத், பல்ஸ் ஆடியோ ஓடும் கணினியில் பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத். எதுவோ அதை நிறுவிவிட்டு ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். நிரல்களை நிறுவித் தரும் சினாப்டிக்கில் தேடினால் இரண்டும் கிடைக்கும், டெர்மினலே வேண்டாம்.

கூடவே பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற நிரலையும் போட்டுக்கொள்ளுங்கள். பைப்வயரோடும் அது வேலை செய்யும். எந்த நிரலின் சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும். இந்த விஷயத்தில் எந்த டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் பக்கமும் அதற்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: தேடு தேடு என்று தேடுகிறது, என் இயர்பட்ஸ் மட்டும் வரவே இல்லை. பக்கத்து வீட்டு டிவியெல்லாம் வருகிறது.
*(வாசகர், நாமக்கல்)*

பதில்: கடைக்கு ஒரு பெரியவர் இதே குறையோடு வந்தார். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அவர் சட்டைப்பையில் இருந்த போனின் புளூடூத்தை அணைக்கச் சொன்னேன், ஹெட்செட் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததுமே இயர்பட்ஸ் ஏற்கெனவே தெரிந்த போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வேறு யார் தேடினாலும் தலை காட்டாது.

இரண்டாவது, ‘ஆன்’ செய்வதும் பேரிங், அதாவது புதிய கருவியோடு ஜோடி சேரும் நிலைக்குக் கொண்டுபோவதும் ஒன்றல்ல. ஹெட்செட் என்றால் பெரும்பாலும் பவர் பட்டனை விளக்கு மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடிக்கவேண்டும். இயர்பட்ஸ் என்றால் பல மாடல்களில் பெட்டியின் அடியிலோ முதுகிலோ ஒரு பட்டன் இருக்கும். கூட வந்த சிறு தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் குப்பைக்கூடையில் தேடுங்கள்.

பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை, ஒன்று முன்னால் ‘எல்இ’ என்ற எழுத்தோடு வந்தால், அந்த எல்இ வேண்டாம். அது கம்பெனியின் செல்போன் செயலி பேசுவதற்கான குறைந்த மின்சக்தி வழி. அதோடு பேர் செய்தால் இணையும், பாட்டு வராது. வெறும் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்து வீட்டு டிவிகூட வராமல் பட்டியலே காலியாக இருந்தால் டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று தட்டிப் பாருங்கள். புளூடூத்துக்கு நேரே ‘சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்’ என்று இருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்’. ‘ஹார்ட் பிளாக்ட்’ என்றால் கட்டளைக்கு அடங்காது. லேப்டாப்பின் ஓரத்தில் சுவிட்ச் இருக்கும், அல்லது விமானப் படம் போட்ட விசை.

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் வைத்திருக்கிறேன். விண்டோஸில் ஹெட்செட்டை இணைத்தால் உபுண்டுவில் இணைய மறுக்கிறது. உபுண்டுவில் திரும்பப் பேர் செய்தால் விண்டோஸ் மறுக்கிறது. மாற்றி மாற்றிச் செய்து அலுத்துவிட்டது.
*(கணக்காளர், சிவகாசி)*

பதில்: நல்ல கேள்வி, காரணமும் சுவையானது. முதல் தடவை பேர் செய்யும்போது கணினியும் ஹெட்செட்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்கின்றன. சாவி எந்தக் கணினிக்கு என்பதை ஹெட்செட், கணினியின் புளூடூத் சில்லின் (சிப்பின்) முகவரியை வைத்துத்தான் அடையாளம் காணும். உங்கள் லேப்டாப்பில் சில் ஒன்று, முகவரியும் ஒன்று. விண்டோஸ் வந்து புதுச் சாவி செய்தால் உபுண்டுவின் சாவியை ஹெட்செட் அழித்துவிடும். அடுத்து உபுண்டு பழைய சாவியோடு போய் நின்றால் உள்ளே விடாது.

தீர்வு, இரண்டுக்கும் ஒரே சாவியைக் கொடுப்பது. முதலில் உபுண்டுவில் பேர் செய்யுங்கள். பிறகு விண்டோஸில் பேர் செய்யுங்கள், அதுதான் கடைசியாக இருக்கவேண்டும். விண்டோஸ் தன் சாவியை, அதன் அமைப்புகளெல்லாம் சேர்ந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பிடிஎச்போர்ட் என்ற கிளைக்குள் ‘கீஸ்’ பகுதியில் வைத்திருக்கும். சாதாரணமாகத் திறந்தால் காலியாகத் தெரியும், சிஸ்டம் கணக்கின் உரிமையோடு திறக்கவேண்டும். விண்டோஸ் பக்கம் போகாமலே உபுண்டுவிலிருந்து சிஎச்என்டிபிடபிள்யூ என்ற கருவியால் ரெஜிஸ்ட்ரியைப் படிக்கவும் முடியும். கிடைக்கிற நீண்ட எண்ணை உபுண்டுவில் வார், லிப், புளூடூத் என்று போகும் அடைவுக்குள், ஹெட்செட்டின் முகவரி கொண்ட அடைவில் இருக்கும் ‘இன்ஃபோ’ கோப்பில், ‘லிங்க்கீ’ தலைப்பின் கீழ் உள்ள எண்ணுக்குப் பதிலாக எழுதுங்கள். பெரிய எழுத்து, நடுவில் இடைவெளியோ காற்புள்ளியோ கூடாது. புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும்.

ரெஜிஸ்ட்ரி என்றாலே வயிற்றைக் கலக்குகிறதா? கவலை வேண்டாம், படிக்கத்தான் போகிறோம், அங்கே எதையும் மாற்றவில்லை. கணக்குப் பேரேட்டில் ஓர் எண்ணைப் பார்த்து இன்னோரிடத்தில் எழுதுவது உங்களுக்குப் புதிதா என்ன?

கேள்வி: மேசைக் கணினியில் புளூடூத் இல்லை. எந்த யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம்? மலிவாக ஒன்று வாங்கினேன், லினக்ஸில் தெரிகிறது, வேலை செய்யவில்லை.
*(அச்சகம் வைத்திருப்பவர், சிதம்பரம்)*

பதில்: அண்ணாச்சி, ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று தட்டினால் கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ என்று வருகிறதா? வந்தால் பாதிக் கதை தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் சில் ஒரு காலத்தில் லினக்ஸுக்கு மிக நன்றாகப் பொருந்தியது. அதனாலேயே அதன் அடையாள எண்ணைத் திருடிப் போட்ட போலிச் சில்கள் சந்தையில் குவிந்துவிட்டன. போலி, தனக்குத் தெரியாத வசதிகளும் தெரியும் என்று சொல்லும். லினக்ஸ் நம்பிக் கேட்கும், அது முழிக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் போலிகளைக் கண்டுபிடித்துச் சமாளிக்கத் தனி நிரல்வரிகளே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள், சில போலிகள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். எழாதவற்றோடு மல்லுக்கட்டவேண்டாம்.

புதிதாக வாங்குவதென்றால் ரியல்டெக் 8761பி சில் உள்ள டாங்கிளைத் தேடுங்கள். நான் கடையில் கொடுப்பது இதைத்தான். இதற்கு ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது சில்லுக்குள் ஓடும் நிரல் ஒன்று வேண்டும். உபுண்டுவிலும் மின்டிலும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியிலேயே இருக்கிறது. டெபியனில் ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்று தனிப்பொதி. டெபியன் 12 முதல் நிறுவும் தட்டிலேயே ஃபர்ம்வேர்கள் வருவதால் தொல்லை குறைந்துவிட்டது. டாங்கிள் உறை மேல் சில்லின் பெயர் இல்லாமல் ‘5.0’, ‘5.3’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அந்த எண் பெரிதாக இருப்பதால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதில்லை.

இன்னொன்று. டாங்கிளை நீலநிற யுஎஸ்பி 3.0 துளையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்பும் என்று 2012ல் இன்டெல்லே அளந்து அறிக்கை போட்டது. புளூடூத் ஓடுவதும் அதே பகுதியில்தான். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரை வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்துவிட்டால் விட்டு விட்டுக் கேட்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: லினக்ஸில் புளூடூத் என்றைக்குமே ஒழுங்காக வேலை செய்யாது என்கிறான் மகன். இணையத்தில் சொன்ன கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்த்தேன், மேலும் கெட்டதுதான் மிச்சம்.
*(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)*

பதில்: மகன் சொல்வது ஒரு காலத்துக்குச் சரி. புளூஸி 2001லேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. சத்தம்தான் பாடாய்ப் படுத்தியது. 2012 கடைசியில் புளூஸி 5 வந்தபோது, ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேலையைத் தன் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டது. அதை யார் எடுத்துச் செய்வது என்பது பல ஆண்டு இழுபறி. கல்லூரி ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. பாட்டு கேட்கும், மைக் வராது. மாணவர்களுக்கு வயர் ஹெட்போனைக் கையில் கொடுத்துவிடுவேன்.

நிலைமை மாறியது பைப்வயர் வந்த பிறகு. ரெட் ஹேட் நிறுவனத்தில் விம் டேமன்ஸ் தொடங்கிய திட்டம். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 34ஆம் பதிப்பு, 2021 ஏப்ரலில் அதைச் சத்தத்துக்கு இயல்பாக வைத்தது. உபுண்டு 22.10ல், 2022 அக்டோபரில். மின்ட் 22ல், 2024ல். கோடெக் மாற்றம், மைக், எல்லாம் இப்போது ஒரே இடத்தில் நடக்கிறது.

உங்கள் சிக்கல் எங்கே என்றால், இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் எல்லாக் காலத்துச் சரக்கும் கலந்து கிடக்கிறது. ‘ஆடியோ.கான்ஃப் கோப்பில் இந்த வரியைச் சேர்’ என்றால் அது புளூஸி 4 காலத்து வைத்தியம், இன்றைக்கு அந்தக் கோப்பை எவரும் படிப்பதில்லை. ‘பல்ஸ் ஆடியோவைக் கொன்று திரும்பத் தொடங்கு’ என்றால், உங்கள் கணினியில் ஓடுவது பல்ஸ் ஆடியோதானா என்று முதலில் தெரியவேண்டும். ‘பாக்டிஎல் இன்ஃபோ’ என்று தட்டுங்கள். ‘சர்வர் நேம்’ வரியில் பைப்வயர் என்ற சொல் இருந்தால் 2021க்கு முந்திய யோசனைகளை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஏற்கெனவே தட்டிய கட்டளைகளால் கலங்கிக் கிடக்கும் கணினியில், உங்கள் முகப்பு அடைவில் ‘.கான்ஃபிக்’ என்ற மறைந்த அடைவுக்குள் பல்ஸ், பைப்வயர், வயர்பிளம்பர் என்று நீங்கள் உண்டாக்கிய அடைவுகள் இருக்கும். அவற்றுக்குப் பெயரை மாற்றி வைத்துவிட்டு லாக் அவுட் செய்து வாருங்கள். பிறகு ஹெட்செட்டை ‘ரிமூவ்’ செய்து புதிதாகப் பேர் செய்யுங்கள். மகன் பார்க்கும்போது செய்யுங்கள் ஐயா.

கேள்வி: ஒவ்வொரு நாளும் நானே போய் ‘கனெக்ட்’ அழுத்தவேண்டியிருக்கிறது. தானாக இணையாதா? பேட்டரி எவ்வளவு மிச்சம் என்றும் தெரியவில்லை.
*(இல்லத்தரசி, புதுச்சேரி)*

பதில்: பேர் செய்தால் மட்டும் போதாதும்மா, ‘டிரஸ்ட்’ செய்யவேண்டும். புளூமேன் என்ற புளூடூத் நிரல் வைத்திருந்தால் ஹெட்செட் பெயர் மேல் வலது கிளிக், டிரஸ்ட். அடுத்த முறை ஹெட்செட்டை ஆன் செய்ததும் அதுவே வந்து ஒட்டும்.

பேட்டரி அளவு பல லினக்ஸ் வகைகளில் தெரியாமலிருப்பதற்குக் காரணம், அந்த வசதியைப் புளூஸி சோதனைப் பட்டியலில் வைத்திருந்ததுதான். எட்சி, புளூடூத் அடைவில் மெயின்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, ‘எக்ஸ்பெரிமென்டல்’ வரியின் முன்னால் உள்ள ஹேஷ் (#) குறியை எடுத்துவிட்டு ‘ட்ரூ’ என்று மாற்றிச் சேமியுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஹெட்செட்டே பேட்டரி அளவைச் சொல்லாத ரகமாக இருந்தால் இதுவும் பலிக்காது.

கேள்வி: விஎல்சியில் படம் பார்க்கும்போது உதடு முந்துகிறது, வசனம் பிந்துகிறது. என் மகள் கணினியோடு இணைத்து மின்கீபோர்டு பழகுகிறாள், அவளுக்கும் விசை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறதாம்.
*(வாசகர், நாகர்கோவில்)*

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்று, மருந்து வேறு. புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, ஹெட்செட்டில் சேர்த்துவைத்து விரிப்பதற்குள் நொடியில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். படத்துக்குக் கவலையில்லை, விஎல்சியில் ஜே விசையைத் தட்டத் தட்டச் சத்தம் 50 மில்லிநொடி வீதம் முன்னே வரும். அதிகமாகிவிட்டால் கே விசை பின்னே தள்ளும். பிரவுசரில் ஓடும் வீடியோக்கள் தாமதத்தைக் கேட்டறிந்து படத்தையே கொஞ்சம் நிறுத்திக் காட்டிவிடுவதால் அங்கே பெரும்பாலும் தெரியாது.

மகள் விஷயம் அப்படி இல்லை. விரல் வைக்கும் முன்னே சத்தத்தை வரவழைக்க எந்த விசையாலும் முடியாது. கோடெக்கை மாற்றினால் கொஞ்சம் குறையும், தாளம் பிடிக்கிற அளவுக்குக் குறையாது. பழகுகிற குழந்தைக்கு இது பெரிய இடைஞ்சல், வயர் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். கீபோர்டின் பின்னாலேயே ஹெட்போன் துளை இருக்கும், கணினி இல்லாமலும் பழகலாம். அது 6.35 மில்லிமீட்டர் பெரிய துளையாக இருந்தால் 3.5 பின்னை மாட்டும் அடாப்டர் எலக்ட்ரிக் கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. ஸ்டீரியோ என்று கேட்டு வாங்குங்கள், மோனோ பின் கொடுத்துவிட்டால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும்.